அரபு உலகில் வரலாறும் இலக்கியமும் ஆய்பவர்கள் எங்கே?

கேள்வி இதுதான்: "எண்ணெய்ப் பணம் புரளும் அரபு நாடுகளிலிருந்து வரலாறு, இலக்கியம், தத்துவம், மொழியியல் போன்ற துறைகளில் சொல்லிக்கொள்ளும்படி ஆய்வு எதுவும் வருவதாகத் தெரியவில்லையே, ஏன்? என் தங்கை அரபியில் முதுகலை முடித்திருக்கிறாள். மேலே ஆய்வுக்கு அங்கே போகலாமா?"

தங்கையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பணக் கதையைப் பார்ப்போம். அரபு லீக்கில் 22 நாடுகள் இருக்கின்றன. எண்ணெய்ப் பணம் புரள்வது வளைகுடாவின் சில நாடுகளில்தான். அரபு மொழியில் நவீன கலைப்புல ஆய்வு வேர்விட்டதோ கெய்ரோ, பெய்ரூத், டமாஸ்கஸ், பாக்தாத், தூனிஸ், ரபாத் ஆகிய ஊர்களில். இவற்றில் பாக்தாத்துக்கு மட்டும்தான் பெரும் எண்ணெய் வளம் உண்டு. அந்த எண்ணெயும் போரிலும் பொருளாதாரத் தடையிலும் கரைந்தது. எகிப்தியப் பவுண்டு 2016 தொடக்கத்தில் டாலருக்குச் சுமார் 8 ஆக இருந்தது. 2024 மார்ச்சில் 47ஐத் தாண்டிவிட்டது. லெபனான் லிரா 1,507இலிருந்து 89,500க்குப் போனது. அங்கே மாதச் சம்பளத்தில் வாழும் ஒரு வரலாற்றுப் பேராசிரியர் வெளிநாட்டுப் புத்தகம் ஒன்று வாங்க எத்தனை முறை யோசிக்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடுத்து, "எதுவும் வரவில்லை" என்ற எண்ணம். இது பெரும்பாலும் ஓர் அறிக்கையிலிருந்து பரவியது. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 2002ஆம் ஆண்டு அரபு மனித மேம்பாட்டு அறிக்கை, அரபு உலகம் முழுவதும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 330 நூல்களைத்தான் மொழிபெயர்க்கிறது, அது கிரீஸ் மொழிபெயர்ப்பதில் ஐந்தில் ஒரு பங்கு என்றது. ஒன்பதாம் நூற்றாண்டின் கலீஃபா மஃமூன் காலத்திலிருந்து ஆன மொத்த மொழிபெயர்ப்பும் ஒரு லட்சம்தான், அதை ஸ்பெயின் ஒரே ஆண்டில் செய்துவிடுகிறது என்றும் எழுதியது. அடுத்த ஆண்டு அறிக்கை இன்னொரு கணக்கைத் தந்தது: பத்து லட்சம் பேருக்கு ஐந்தாண்டில் 4.4 மொழிபெயர்ப்பு நூல்கள். ஹங்கேரியில் 519, ஸ்பெயினில் 920. இந்த எண்களை மேற்கோள் காட்டாத கட்டுரையாளரே இல்லை என்னும் அளவுக்கு அவை புழங்கின.

ஆனால் அந்த இரண்டாவது கணக்கு 1980களின் முதல் ஐந்தாண்டுகளைப் பற்றியது. 22 நாடுகளில் பல நாடுகளில் அச்சாகும் நூல்களுக்கு முறையான தேசியப் பட்டியலே கிடையாது. சிறு பதிப்பகங்கள் பல தங்கள் நூல்களை எங்கும் பதிவு செய்வதும் இல்லை. எண்ணப்படாததை இல்லாதது என்று எழுதிவிட்டார்கள். ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டிக்கொண்டே இருந்தும் எண்கள் மட்டும் ஓய்வதில்லை. எகிப்து 1990களின் நடுவில் பெரிய மொழிபெயர்ப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கி 2006இல் அதைத் தேசிய மையமாக்கியது. பெய்ரூத்தில் 1999இல் அரபு மொழிபெயர்ப்பு அமைப்பு தோன்றியது. அபுதாபியில் 2007இல் 'கலிமா' என்ற மொழிபெயர்ப்புத் திட்டம் வந்தது. அந்தப் பழைய கணக்கில் இவை எதற்கும் இடமில்லை.

ஆய்வு நடக்கிறது, பெரிதாகவே நடக்கிறது. அரபியில் நடப்பதால் நம் காதுக்கு எட்டுவதில்லை. ரபாத்தில் தத்துவம் கற்பித்த முஹம்மது ஆபித் அல்ஜாப்ரி 1984 தொடங்கி 2001 வரை நான்கு தொகுதிகளில் 'அரபு அறிவின் விமர்சனம்' எழுதினார். அரபுச் சிந்தனை எந்த அடித்தளங்களில் கட்டப்பட்டது, எங்கே தடம் மாறியது என்று இலக்கணம், சட்டவியல், இறையியல், ஞானமரபு எல்லாவற்றையும் அகழ்ந்து பார்த்த நூல் அது. அலெப்போவில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த ஜார்ஜ் தராபீஷி அதைப் படித்துவிட்டு, ஜாப்ரி காட்டிய மேற்கோள்களை ஒவ்வொன்றாக மூலத்தில் தேடிச் சரிபார்க்க உட்கார்ந்தார். ஒரு மதிப்புரையோடு முடிந்திருக்க வேண்டிய வேலை பல ஆண்டுகள் நீண்டு பல தொகுதிகளாக வளர்ந்தது. தராபீஷி பல்கலைக்கழகப் பதவியில் இருந்தபடி இதைச் செய்யவில்லை. மொழிபெயர்த்தும் எழுதியும் வாழ்ந்தவர். ஒரு நூலுக்கு இவ்வளவு உழைப்போடு எழுதப்பட்ட மறுப்பு எந்த மொழியிலும் அரிது. இருவரும் மறைந்துவிட்டார்கள், ஜாப்ரி 2010இல், தராபீஷி 2016இல். அந்த விவாதத்தில் ஒரு பக்கம்கூட, எனக்குத் தெரிந்தவரை, தமிழுக்கு வரவில்லை.

சுவடிப் பதிப்பும் அப்படித்தான். அரபியில் இதற்கு 'தஹ்கீக்' என்று பெயர். ஒரு நூலின் கையெழுத்துப் படிகளை இஸ்தான்புல்லிலிருந்தும் கெய்ரோவிலிருந்தும் நெதர்லாந்தின் லெய்டனிலிருந்தும் வரவழைத்து, வரிக்கு வரி ஒப்பிட்டு, பாடபேதங்களைக் கீழே குறித்து வெளியிடும் வேலை. அரபு லீக் 1946இலேயே இதற்கென ஒரு கையெழுத்துச் சுவடி நிறுவனத்தை அமைத்தது. இஹ்ஸான் அப்பாஸ் என்ற ஒருவரைச் சொன்னால் போதும். ஹைஃபா அருகே ஐன் ஃகஸால் கிராமத்தில் 1920இல் பிறந்தார். 1948 போரில் அந்தக் கிராமமே இல்லாமல் போனது. கார்த்தூமிலும் பெய்ரூத்திலும் கற்பித்துக்கொண்டே இப்னு கல்லிகானின் வாழ்க்கை வரலாற்றுக் களஞ்சியத்தையும், முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினான ஆண்டலூசியாவைப் பற்றிய மக்கரியின் பெருநூலையும் பல தொகுதிகளாகப் பதிப்பித்தார். இன்று உலகில் எந்தப் பல்கலைக்கழகத்தில் ஆண்டலூசியா வரலாறு எழுதினாலும் அவருடைய பதிப்பைத் தொடாமல் எழுத முடியாது.

அப்படியானால் சிக்கல் எங்கே? என் கணிப்பில் இரண்டு இடங்களில் இருக்கிறது: எதைக் கேட்கலாம் என்பதில் ஒன்று, எதைப் படிக்கக் கிடைக்கும் என்பதில் இன்னொன்று. பணம், தரவரிசை, இதழ்கள் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

முதலாவதற்கு நூறாண்டு வரலாறு உண்டு. கெய்ரோவில் 1908இல் தொடங்கிய எகிப்தியப் பல்கலைக்கழகம் 1914இல் தன் முதல் முனைவர் பட்டத்தைத் தந்தது தாஹா ஹுசைனுக்கு. சிறு வயதிலேயே பார்வை இழந்தவர். 1926இல், இஸ்லாத்துக்கு முந்தைய கவிதைகள் என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி பிற்காலத்தில் புனையப்பட்டவை என்று எழுதினார். நாடே கொந்தளித்தது. புகார்கள் அரசு வழக்கறிஞர் முஹம்மது நூரிடம் போயின. அவர் நூலை வரிவரியாகப் படித்து, ஆய்வாளரின் நோக்கம் ஆய்வே, குற்றம் செய்யும் எண்ணம் இல்லை என்று 1927இல் வழக்கை மூடினார். நூல் திருத்தப்பட்டு வேறு பெயரில் வந்தது. 1932இல் அரசு தாஹா ஹுசைனைப் புலத் தலைவர் பதவியிலிருந்து நீக்கியபோது, பல்கலைக்கழகத் தலைவர் அஹ்மத் லுத்ஃபி அஸ்ஸய்யித் தன் பதவியைத் தூக்கி எறிந்தார். இதில் நான் முக்கியமாகப் பார்ப்பது எதிர்ப்பு எழுந்ததை அல்ல. ஒரு வழக்கறிஞரும் ஒரு துணைவேந்தரும் ஆய்வாளரின் பக்கம் நின்றதை.

அந்த அரண் பிறகு தேய்ந்துகொண்டே வந்தது. 1947இல் குர்ஆனின் கதைசொல்லும் கலையைப் பற்றி முஹம்மது அஹ்மத் கலஃபல்லாஹ் எழுதிய ஆய்வேட்டைப் பல்கலைக்கழகமே நிராகரித்தது. மேற்பார்வையாளர் அமீன் அல்கூலி இனிமேல் குர்ஆன் தொடர்பான ஆய்வுகளை வழிநடத்தக் கூடாது என்றும் ஆனது.

அல்கூலியின் ஆய்வு வழியில் வந்தவர்தான் நஸ்ர் ஹாமித் அபூ ஸைத். கெய்ரோ பல்கலைக்கழக அரபுத் துறையில் இணைப் பேராசிரியர். 1992இல் பேராசிரியர் பதவி உயர்வுக்குத் தன் நூல்களைச் சமர்ப்பித்தார். மூன்று மதிப்பீட்டாளர்களில் இருவர் பாராட்டி எழுதினார்கள். மூன்றாமவர் அப்துஸ் ஸபூர் ஷாஹீன், நூல்கள் மார்க்கத்துக்கு விரோதம் என்று எழுதினார். குழுவில் ஆறுக்கு ஏழு என்ற ஒரே வாக்கில் பதவி உயர்வு மறுக்கப்பட்டது. அதோடு விட்டிருந்தால் பல்கலைக்கழகங்களில் தினமும் நடக்கும் கதை. ஷாஹீன் பள்ளிவாசல் மேடையிலும் அதைப் பேசினார். பிறகு சிலர் குடும்ப நீதிமன்றத்துக்குப் போனார்கள்: இவர் மதத்தை விட்டு விலகியவர், ஆகவே முஸ்லிம் பெண்ணோடு இவர் திருமணம் செல்லாது என்பது வழக்கு. 1995இல் பல்கலைக்கழகம் அவருக்குப் பேராசிரியர் பதவியைக் கொடுத்தது. அதே ஆண்டு ஜூன் 14 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை மதத்தை விட்டு விலகியவர் என்று அறிவித்து, மனைவி இப்திஹால் யூனுஸிடமிருந்து பிரித்துத் தீர்ப்பளித்தது. மனைவியும் பேராசிரியர், பிரெஞ்சு இலக்கியம். இருவரும் சேர்ந்தே நாட்டை விட்டுக் கிளம்பி லெய்டனில் குடியேறினார்கள். 1996இல் உச்ச மேல்முறையீட்டு மன்றமும் தீர்ப்பை உறுதி செய்தது. அபூ ஸைத் 2010 ஜூலையில் கெய்ரோவில் காலமானார்.

ஒரு பேராசிரியருக்கு நேர்ந்தது என்று இதைச் சுருக்கிவிடக் கூடாது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஆய்வுத் தலைப்பைப் பதிவு செய்ய வரும் ஒவ்வொரு மாணவரும், அதில் கையெழுத்திட வேண்டிய ஒவ்வொரு மேற்பார்வையாளரும் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டிருப்பார்கள். எழுதப்பட்டுத் தடைசெய்யப்பட்ட நூல்களை எண்ணிவிடலாம். தலைப்பாகக்கூட உருவாகாமல் போனவற்றை யார் எண்ணுவது?

மதம் மட்டுமே தடை என்று நினைத்துவிடாதீர்கள். மொராக்கோவில் மன்னராட்சி 1970இல் ரபாத்தின் சமூகவியல் நிறுவனத்தையே மூடியது. காரணம் மார்க்கம் அல்ல, அரசியல். இன்றைக்கு அரசின் பயமே மதத்தின் கோபத்தைவிடப் பெரிய தடை என்பேன்.

இரண்டாவது சிக்கல் ஆவணங்கள். எகிப்தின் தேசிய ஆவணக் காப்பகம், தாருல் வஸாயிக், உலகின் செழிப்பான காப்பகங்களில் ஒன்று. உஸ்மானியர் கால நீதிமன்றப் பதிவேடுகள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட முஹம்மது அலி காலத்துப் போலீஸ், மருத்துவ ஆவணங்கள் எல்லாம் குவிந்து கிடக்கின்றன. உள்ளே போக விண்ணப்பம் தர வேண்டும். தலைப்பு, காலம், என்ன ஆவணம் வேண்டும் எல்லாம் எழுத வேண்டும். அந்தத் தாள் பாதுகாப்புத் துறைக்குப் போகும். மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். மறுத்தால் காரணம் சொல்ல மாட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டைக் கேட்டால் கிடைக்க வழியுண்டு. மன்னராட்சியைக் கவிழ்த்த 1952 புரட்சிக்குப் பிந்தைய அரசு ஆவணங்கள் நடைமுறையில் மூடியே இருக்கின்றன. ஆகவே அதிபர் நாசர் காலத்தையும் இஸ்ரேலிடம் தோற்ற 1967 போரையும் எகிப்திய வரலாற்றாசிரியர்கள் நினைவுக் குறிப்புகளையும் செய்தித்தாள்களையும் வெளிநாட்டுத் தூதரக ஆவணங்களையும் வைத்தே எழுத வேண்டியிருக்கிறது. தன் நாட்டின் தோல்வியைப் பற்றி அறிய லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் போக வேண்டிய நிலை.

ஆவணம் வேண்டாம், ஆட்களிடம் நேரில் கேட்டு எழுதலாம் என்றால் அதற்கும் அனுமதி வேண்டும். எகிப்தில் மக்களிடம் கருத்துக் கணக்கெடுப்பு நடத்த அரசின் புள்ளியியல் நிறுவனத்தின் ஒப்புதல் கட்டாயம். 1964இல் வந்த ஆணை அது. கேம்பிரிட்ஜ் மாணவர் ஜூலியோ ரெஜேனி கெய்ரோவில் சுயேச்சைத் தொழிற்சங்கங்களை ஆய்ந்துகொண்டிருந்தபோது 2016 ஜனவரி 25 அன்று காணாமல் போனார். சித்திரவதைத் தழும்புகளோடு அவர் உடல் பிப்ரவரி 3 அன்று கிடைத்தது. வியன்னாவில் முதுகலை படித்த எகிப்திய மாணவர் அஹ்மத் ஸமீர் ஸன்தாவி விடுமுறைக்கு ஊர் வந்தபோது 2021இல் கைதானார்; 2022 ஜூலையில்தான் மன்னிப்பில் வெளியே வந்தார்.

பிற நாடுகளில் ஆவணமே நாட்டை விட்டுப் போயிருக்கிறது. அல்ஜீரியாவை விட்டு வெளியேறிய பிரான்ஸ், காலனி ஆட்சிக் கால ஆவணங்களைக் கப்பலேற்றிக்கொண்டு போனது. அவை இன்றும் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் இருக்கின்றன. விசா கிடைத்த அல்ஜீரியர்தான் தன் தாத்தா காலத்துக் கோப்பைப் பார்க்கலாம். பெய்ரூத்தில் இருந்த பாலஸ்தீன ஆய்வு மையத்தின் நூலகத்தை 1982இல் இஸ்ரேலியப் படை லாரிகளில் அள்ளிப் போனது. மறு ஆண்டு கைதிகள் பரிமாற்றத்தின்போதுதான் அதைத் திருப்பித் தந்தது. சதாம் ஹுசைனின் பாத் கட்சி ஆவணங்கள் 2008இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள ஹூவர் நிறுவனத்துக்குப் போய் 2020இல்தான் பாக்தாத் திரும்பின. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் ஈராக்கின் சர்வாதிகாரத்தைப் பற்றி நல்ல நூல்கள் வந்தன, கலிஃபோர்னியாவுக்குப் போய்வர முடிந்தவர்களிடமிருந்து.

இனி பல்கலைக்கழகத்தின் உள்ளே. எகிப்தில் பள்ளி இறுதித் தேர்வில் உச்ச மதிப்பெண் எடுத்தவர்கள் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போவார்கள். கலைப்புலத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் வேறு இடம் கிடைக்காதவர்கள். ஒரு வகுப்பில் நூற்றுக்கணக்கான மாணவர்கள். ஆசிரியர் தன் பாடக் குறிப்புகளைப் புத்தகமாக்கி மாணவர்களுக்கே விற்பார். சம்பளம் போதாத இடத்தில் அந்த விற்பனை ஒரு வருமானம். மாணவர் அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுவார். திறமையான ஆசிரியர்கள் பல ஆண்டு விடுப்பில் சவூதிக்கோ குவைத்துக்கோ கற்பிக்கப் போய்விடுவார்கள். முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்குப் போய்ப் பார்த்தால் மண்டபம் நிறையக் குடும்பத்தார், இனிப்பு, பூங்கொத்து. மேடையில் தேர்வாளர் பக்கம் பக்கமாகப் புரட்டி எழுத்துப் பிழைகளை வாசிப்பார். மொழி மீது அவ்வளவு அக்கறை இருப்பது எனக்குப் பிடிக்கும். ஆனால் வாதம் நிற்கிறதா என்ற கேள்வி பல நேரம் அந்தப் பிழைப் பட்டியலுக்குள் காணாமல் போய்விடுகிறது.

பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஸாரி ஹனஃபி 2011இல் ஒரு கட்டுரையில் இந்த நிலையைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்: உலகளவில் பதிப்பித்து உள்ளூரில் மறைவது, அல்லது உள்ளூரில் பதிப்பித்து உலகளவில் மறைவது. உயர்தரப் பல்கலைக்கழகத்தில் இருப்பவருக்கு ஆங்கில இதழ்க் கட்டுரைதான் பதவி உயர்வு தரும்; அதைத் தன் ஊரில் யாரும் படிக்க மாட்டார்கள். அரசுப் பல்கலைக்கழகத்தில் இருப்பவர் அரபியில் எழுதுவார். அது மேற்கோள் பட்டியல்களில் ஏறாது. ஆக, ஒரே நகரத்தில் ஒரே பொருளை ஆயும் இருவர் ஒருவரை ஒருவர் படிக்காமலேயே ஓய்வு பெறுகிறார்கள். இந்தத் துண்டிப்பு, பணப் பற்றாக்குறையைவிடக் கேடு செய்கிறது.

வளைகுடாப் பணம் எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அநியாயம். குவைத் 1978 ஜனவரியில் தொடங்கிய 'ஆலமுல் மஃரிஃபா' மலிவு விலை மாத நூல் வரிசை, கெய்ரோ நடைபாதைக் கடைகளிலிருந்து மொராக்கோ வரை மூன்று தலைமுறை வாசகர்களை வளர்த்தது. அதன் ஆசிரியப் பொறுப்பில் இருந்தவர் எகிப்தியத் தத்துவப் பேராசிரியர் ஃபுஆத் ஸகரிய்யா. அரபு மொழியின் வரலாற்று அகராதி ஒன்று வேண்டும் என்பது 1932இல் கெய்ரோ மொழிக் கழகம் தோன்றிய காலத்துக் கனவு. ஜெர்மானிய அறிஞர் ஆகஸ்ட் ஃபிஷர் அதற்காகவே கெய்ரோவில் உழைத்தார். இரண்டாம் உலகப் போர் வந்து வேலையை நிறுத்தியது. இன்று ஷார்ஜாவின் ஆதரவில் 127 தொகுதிகளாக ஓர் அகராதி 2024இல் நிறைவுற்றிருக்கிறது. தோஹாவில் 2013 முதல் இன்னொன்று இணையத்தில் வளர்ந்து வந்திருக்கிறது. அரசியலில் முட்டிக்கொண்ட இரண்டு அண்டை நாடுகள் ஒரே வேலையை இரண்டு முறை செய்வது எனக்கு வருத்தமாக இருந்தாலும், தொண்ணூறு ஆண்டுகள் கையில் கிடைக்காத ஒன்று இப்போது மேசை மேல் இருக்கிறது.

ஆனால் பணம் கொடுப்பவரே கேள்வியின் எல்லையையும் வகுக்கிறார். பள்ளிப் பாடத்தில் தத்துவத்தை நெடுங்காலம் அனுமதிக்காத சவூதி அரேபியா, 2021 டிசம்பரில் ரியாத்தில் பன்னாட்டுத் தத்துவ மாநாடு நடத்தியது. நல்ல மாற்றம்தான். ஆனால் ஆரம்பகால இஸ்லாமிய வரலாற்றை விமர்சன நோக்கில் ஆய்ந்த ஹஸன் ஃபர்ஹான் அல்மாலிகி 2017 செப்டம்பரிலேயே கைதாகியிருந்தார். அரசுத் தரப்பு அவருக்கு மரண தண்டனை கேட்டது.

போரின் அழிவைச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. 2003 ஏப்ரலில் பாக்தாத் தேசிய நூலகம் எரிந்தது. மோசுல் பல்கலைக்கழக நூலகத்தை ஐ.எஸ். அமைப்பு நாசமாக்கியது. அந்தப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த உமர் முஹம்மது, நகரம் அவர்கள் பிடியில் இருந்தபோது தினமும் நடந்ததைப் பெயர் வெளியிடாமல் 'மோசுல் ஐ' என்ற பெயரில் இணையத்தில் பதிந்து வந்தார், தாயிடம்கூடச் சொல்லவில்லை. பிடிபட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்தே ஒரு வரலாற்றாசிரியர் செய்த வேலை அது. மீட்கப்பட்ட நகரத்தில் இளைஞர்கள் சாம்பலுக்கு நடுவே புத்தகங்களைத் தேடி எடுத்தார்கள். நூலகம் 2022 பிப்ரவரியில் மீண்டும் திறந்தது. காஸாவில் 2023 அக்டோபருக்குப் பிறகு பல்கலைக்கழகங்கள் அழிக்கப்பட்டன, நகராட்சியின் ஆவணக் காப்பகமும் போனது. இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்த ரிஃப்அத் அல்அரீர் டிசம்பர் 6 அன்று குண்டுவீச்சில் கொல்லப்பட்டார். சூடானில் அதே ஆண்டு ஏப்ரலில் மூண்ட போர் கார்த்தூமின் தேசிய அருங்காட்சியகத்தைக் கொள்ளைக்கு விட்டது. இவற்றைக் கணக்கில் எடுக்காமல் "ஏன் ஆய்வு வரவில்லை" என்று கேட்பது நியாயமே இல்லை.

சரி, உங்கள் தங்கை. போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் ஊரை முதலில் தேர்ந்தெடுக்காதீர்கள். தலைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஊரைப் பாருங்கள். சமகால அரசியல், தொழிலாளர், சிறுபான்மையினர் பற்றிய களஆய்வு என்றால் கெய்ரோவை இப்போதைக்குத் தவிர்க்கச் சொல்வேன். இலக்கணம், செவ்வியல் இலக்கியம், சுவடிப் பதிப்பு என்றால் கெய்ரோவுக்கு ஈடு இல்லை; அங்குள்ள சுவடி நிறுவனத்தில் பயிற்சி பெற்றவர்களிடம் உட்கார்ந்து கற்பது எந்தப் பட்டத்தையும்விட மேல். தத்துவம், இலக்கியக் கோட்பாடு என்றால் ரபாத் அல்லது தூனிஸ். ஆனால் பிரெஞ்சு கட்டாயம் வேண்டும், இப்போதே தொடங்கட்டும். தோஹாவில் 2015இல் தொடங்கிய பட்டமேற்படிப்பு நிறுவனம் அரபியையே முதன்மைப் பயிற்று மொழியாக வைத்து வரலாறு, தத்துவம், மொழியியல் கற்பிக்கிறது, உதவித்தொகையும் உண்டு. அங்கே சேர ஓதத் தெரிந்த அரபி போதாது, வாதிட்டு எழுதத் தெரிந்த அரபி வேண்டும். ஆகவே இந்த ஆண்டே ஜாப்ரியின் முதல் தொகுதியையும் தராபீஷியின் மறுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்து, ஒவ்வொரு இயலுக்கும் இரண்டு பக்கம் அரபியில் எழுதிப் பழகச் சொல்லுங்கள். எழுதியதை அனுப்பினால் நான் படித்துச் சொல்கிறேன்.